மாங்காய் மண்டி மென்பொருளுக்குள் ஓப்பன் சோர்ஸ்: பல சீசன் ஓட்டிப் பார்த்த அனுபவம்

கிருஷ்ணகிரி பக்கம் மாங்காய் மண்டிகளுக்கும் மாங்கூழ் தொழிற்சாலைகளுக்கும் எடைச்சீட்டு, பட்டியல், விவசாயி கணக்கு எல்லாம் போடுகிற மென்பொருள் ஒன்றை ஒரு சின்னக் குழுவாக எழுதி விற்றுப் பராமரித்து வருகிறோம். அதற்குள் நாங்கள் எழுதியதைவிட வெளியிலிருந்து எடுத்துச் சேர்த்த ஓப்பன் சோர்ஸ் லைப்ரரிகள்தான் அதிகம் (மூல நிரலை எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தத் திறந்து வைத்திருக்கும் ஆயத்த நிரல் தொகுப்புகள்). இத்தனை சீசன் பார்த்ததில் எனக்குப் பட்டது இதுதான்: ஒரு லைப்ரரியைச் சேர்ப்பது அரை நாள் வேலை, அதை வைத்துக் காப்பாற்றுவது வருஷக்கணக்கான வேலை. அதனால் அது என்னவெல்லாம் செய்யும் என்று மயங்குவதற்கு முன்னால், அதை யார் பார்த்துக்கொள்கிறார்கள், எந்த உரிமத்தில் தருகிறார்கள், நம் தமிழை அது தாங்குமா என்று பார்த்துவிட வேண்டும்.

தமிழிலிருந்தே ஆரம்பிக்கிறேன், எங்கள் நேரத்தை அதிகம் தின்றது அதுதான். இங்கே பட்டியலில் அதிகம் வருவது பெங்களூரா, செந்தூரா என்கிற மாங்காய் ரகங்கள். இரண்டுமே கொம்பில் தொடங்கும் பெயர்கள். கணினியில் எழுத்துகளைப் பதியும் பொது முறையான யூனிகோடில் 'பெ' என்றால் முதலில் ப, அதற்குப் பின்னால் ஒற்றைக்கொம்பு என்றுதான் பதிவாகும். அச்சிலோ திரையிலோ காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவந்து வைப்பதற்குத் தனியாக ஒரு மென்பொருள் வேண்டும். குரோம், ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆஃபீஸ், ஆண்ட்ராய்டு எல்லாவற்றிலும் அதைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்கிற ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி. ஆனால் பிடிஎஃப் உருவாக்கும் லைப்ரரிகள் பலவற்றில் அந்த வேலை நடப்பதே இல்லை, பதிவான வரிசையிலேயே வரைந்துவிட்டுப் போய்விடும். நாங்கள் முதலில் எடுத்ததும் அந்த ரகம். கொம்பு ப-வுக்குப் பின்னால் வந்து நிற்கும், போச்சம்பள்ளி, காவேரிப்பட்டணம் எல்லாம் படிக்கவே முடியாது. ஒரு மண்டிக்காரர் சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, எழுத்தே இப்படி இருந்தா எடையும் தப்பாத்தான் இருக்கும்னு விவசாயி நினைப்பாருப்பா" என்றார். நியாயமான பேச்சு.

அப்புறம் ஹெச்டிஎம்எல் பக்கத்தை பிடிஎஃப் ஆக்கும் டபிள்யூகே-ஹெச்டிஎம்எல்-டு-பிடிஎஃப் கருவிக்கு மாறினோம். தமிழ் ஒழுங்காக வந்தது, வேகமும் இருந்தது. ஆனால் 2023 ஜனவரியில் அந்தத் திட்டத்தின் நிரல் இருக்கும் இணையக் களஞ்சியத்தை இனிமேல் வேலை நடக்காது என்று மூடி வைத்துவிட்டார்கள். இலவசமாக உழைத்தவர்கள் நிறுத்திக்கொள்ள அவர்களுக்கு எல்லா உரிமையும் உண்டு, அதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் அதை நம்பியிருக்கும் பொருள் நம்முடையது, மாற்று தேடும் வேலையும் நம்முடையதுதான். இப்போது சாளரம் திறக்காமல் பின்னணியில் ஓடும் குரோமியம் உலாவியை வைத்துச் செய்கிறோம், மண்டியில் இருக்கும் பழைய கணினிகளுக்கு அது கொஞ்சம் பாரம்தான். எடைமேடையில் இருக்கும் தெர்மல் பிரிண்டரில் தமிழ் எழுத்துருவே கிடையாது, அதனால் ஒவ்வொரு வரியையும் 576 புள்ளி அகலப் படமாக வரைந்து அனுப்புகிறோம். 80 மில்லிமீட்டர் தாளுக்கு அதுதான் அளவு.

அடுத்தது, நாம் சேர்க்காமலே உள்ளே வந்து உட்காரும் லைப்ரரிகள். 2021 டிசம்பரில் நிரல் ஓடும்போது நடப்பதைக் குறித்து வைக்கும் லாக்ஃபோர்ஜே லைப்ரரியின் பாதுகாப்பு ஓட்டை வெளியானது நினைவிருக்கும், பத்துக்குப் பத்து என்று ஆபத்து மதிப்பெண் வாங்கியது. எங்கள் நிரலில் எங்கும் அதை நேரடியாகக் கூப்பிடவில்லை. லைப்ரரிகளை இறக்கிச் சேர்க்கும் மேவன் கருவியில், எது எதை நம்பியிருக்கிறது என்ற சார்புப் பட்டியலை மரமாக விரித்துப் பார்த்தால், அறிக்கை தயாரிக்கும் லைப்ரரி ஒன்று இன்னொன்றை இழுத்து, அது லாக்ஃபோர்ஜேவை இழுத்து வைத்திருந்தது. சரி, திருத்திய 2.15 பதிப்பைப் போட்டால் முடிந்தது என்று பார்த்தால், அதே மாதத்துக்குள் 2.16, 2.17, 2.17.1 என்று வந்துகொண்டே இருந்தது. எங்கள் வாடிக்கையாளர்கள் பலரிடம் நிலையான இணையம் கிடையாது, பென் டிரைவை எடுத்துக்கொண்டு பர்கூர், சந்தூர் என்று நேரில் போய்த்தான் மாற்ற வேண்டும். சீசன் இல்லாத மாதமாக இருந்ததால் சமாளித்தோம், மே மாதம் என்றால் மண்டிக்குள் யாரும் கணினியைத் தொடவே விட்டிருக்க மாட்டார்கள். அன்றிலிருந்து பயன்படுத்தும் ஒவ்வொரு லைப்ரரியின் பிரதியையும் எங்கள் சர்வரிலேயே வைத்துக்கொள்கிறோம். 2016-ல் லெஃப்ட்பேட் என்ற பதினோரு வரி நிரலை எழுதியவர் திரும்ப எடுத்துக்கொண்டதும் உலகம் முழுக்க எத்தனையோ திட்டங்கள் கட்டமைக்க முடியாமல் நின்றன, அந்தக் கதை இங்கே நடக்க வேண்டாம்.

உரிமம் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். எம்ஐடி, அப்பாச்சி உரிமங்கள் என்றால் பெரும்பாலும் தொல்லை இல்லை, பெயரையும் உரிம வாசகத்தையும் கூடவே கொடுத்தால் போதும். ஜிபிஎல், ஏஜிபிஎல் என்றால் நம் பொருளின் மூல நிரலையும் அதே உரிமத்தில் கொடுக்க வேண்டிய நிலை வரலாம், முழுக்கப் படிக்காமல் உள்ளே விடக்கூடாது. ஒரே லைப்ரரியே பதிப்புக்குப் பதிப்பு மாறும்: பிடிஎஃப் உருவாக்கும் ஐடெக்ஸ்ட் ஐந்தாம் பதிப்பிலிருந்து ஏஜிபிஎல் ஆனது, அதற்கு முந்தைய பழைய நிரலிலிருந்து கிளைத்ததுதான் ஓப்பன் பிடிஎஃப். ரெடிஸ் என்கிற தரவுத்தளம் 2024 மார்ச்சில் உரிமத்தை மாற்றியதும் அதன் பழைய நிரலிலிருந்து வால்கீ பிறந்தது. அதனால் ஒவ்வொரு லைப்ரரியின் உரிமத்தையும் பதிப்பு எண்ணோடு சேர்த்தே பட்டியலாக எழுதி வைக்கிறோம்.

இந்தப் பட்டியல் வியாபாரத்துக்கும் உதவுகிறது. ஓசூரில் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலைக்கு எடைமேடைப் பகுதியை மட்டும் கொடுக்கப் போனபோது, உள்ளே என்னென்ன லைப்ரரிகள் இருக்கின்றன என்றுதான் முதலில் கேட்டார்கள். 2024 அக்டோபரில் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் இப்படிப்பட்ட பட்டியலுக்கென்றே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது, கேட்பவர்கள் இன்னும் கூடுவார்கள். சைக்ளோன்டிஎக்ஸ் என்கிற பொது வடிவத்தில், மென்பொருளைக் கட்டமைக்கும்போதே பட்டியல் உருவாகும்படி வைத்துவிட்டால் கையால் எழுதும் வேலை மிச்சம்.

முழு மனசோடு பாராட்ட வேண்டியது, கணக்கையெல்லாம் சேமிக்கும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம். மின்சாரம் எத்தனை தடவை போனாலும் கணக்கு கலைந்ததில்லை. ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஐந்து வருஷம் ஆதரவு என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள், அதை வைத்து நாங்கள் திட்டம் போடலாம். 2024-ல் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் லைப்ரரிக்குள் யாரோ ரகசியமாக உள்ளே புகுவதற்கு நுழைத்த பின்கதவைக் கண்டுபிடித்த ஆந்த்ரெஸ் ஃப்ராய்ண்டும் போஸ்ட்கிரெஸில் வேலை செய்பவர்தான், தொலைவிலிருக்கும் கணினிக்குள் போகும் எஸ்எஸ்ஹெச் நுழைவு அரை நொடி தாமதமானதைக் கவனித்துத் துருவியிருக்கிறார். எக்ஸ்இசட்டைப் பல வருஷம் ஒரே ஆள் தனியாகச் சுமந்து வந்தார், உதவிக்கு என்று வந்து நம்பிக்கை சம்பாதித்த கணக்கிலிருந்துதான் அந்த நிரல் உள்ளே போனது. அதனால் இப்போதெல்லாம் ஒரு லைப்ரரியை எடுக்கும் முன் அதன் பின்னால் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்க்கிறோம். ஒருவர்தான் என்றால் சின்னதாகவாவது பணம் அனுப்புகிறோம், பிழை கண்டால் அதை மறுபடி வரவைத்துக் காட்டும் சின்ன நிரலோடு எழுதுகிறோம். ஏப்ரல் முதல் ஜூலை வரை பாதுகாப்புத் திருத்தம் தவிர எதையும் புதுப்பிப்பதில்லை, மற்றதெல்லாம் ஆகஸ்டில்தான்.