ஹெட்லைட் கிட்: தேய்க்கும் வரை சரி

கார் ஹெட்லைட்டில் ஏறிய மஞ்சள் மங்கலைத் தேய்த்து எடுக்கும் கிட்டுக்கு விலை இறங்கியிருக்கிறதே, வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். அதற்காகத்தான் இது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கிட்டில் வரும் வாட்டர் பேப்பர்கள், அதாவது ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்கள், உண்மையிலேயே தரமானவை. 1000, 1500, 2000, 3000 என்ற வரிசையில் (நம்பர் கூடக் கூட பேப்பர் மென்மை), தண்ணீர் தெளித்துக்கொண்டே தேய்க்க வேண்டும். ஒரு பேப்பரில் குறுக்கே தேய்த்தால் அடுத்ததில் நெடுக்கே. முந்தைய கீறல் மறைந்ததா என்று அப்போதுதான் தெரியும். முதலில் வழியும் தண்ணீர் மஞ்சளாக இருக்கும். அது வெறும் வெள்ளையாக மாறும்வரை 1000-ஐ விடக் கூடாது. பழைய பூச்சு ஓரங்களில் திட்டுத்திட்டாக நின்றுவிட்டால், பாலிஷ் போட்ட பிறகு வரைபடம் மாதிரி கோடு தெரியும். சுற்றிலும் மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்கு ஒட்டாமல் பேப்பரைத் தொடவே வேண்டாம். பம்பர் பெயின்ட் போய்விடும்.

எரிச்சல் எல்லாம் கடைசியில் தரும் பூச்சுப் பாக்கெட்டின் மேல்தான். லென்ஸ், அதாவது விளக்கின் வெளி மூடி, பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கத்தான் கம்பெனியில் மேலே ஒரு பூச்சு போட்டு அனுப்புகிறார்கள். மஞ்சளோடு அதையும் சேர்த்துத்தான் தேய்த்து எடுக்கிறோம். பதிலுக்கு இவர்கள் கொடுப்பது பூச்சில் நனைத்த ஒரு ஈரத் துணி! சிறிய காருக்கே இரண்டாவது விளக்கை முடிப்பதற்குள் காய்ந்துவிடுகிறது. பாதி காய்ந்த துணியால் அதே இடத்தை மறுபடி துடைத்தால் கோடு விழும். சரியாகவே பூசினாலும், வெயிலில் நிற்கும் வண்டியில் ஒரு கோடைக்கு மேல் தாங்கவில்லை. டூத்பேஸ்ட் போட்டுத் தேய்க்கும் வைத்தியம் இதைவிட மோசம். அதில் பாதுகாப்பு என்று எதுவுமே கிடையாது.

நிலைக்க வேண்டுமென்றால் 2கே கிளியர் கோட்தான், அதாவது இறுக வைக்கும் ஹார்ட்னரைக் கலந்து ஸ்பிரேயாக அடிக்கும் நிறமற்ற பூச்சு. அதற்கு 1500-லேயே நிறுத்திக்கொள்ளுங்கள். பாலிஷ் போட்டு வழுவழுப்பாக்கினால் கிளியர் பிடிக்காமல் உரிந்துவிடும். மிச்சக் கீறலை கிளியரே நிரப்பிவிடும். அடிப்பதற்கு முன் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் துடையுங்கள். தின்னர் பட்டால் லென்ஸில் மயிரிழை விரிசல் ஓடும், அதைச் சரிசெய்ய வழியே இல்லை. மழை ஈரத்தில் அடித்தால் கிளியர் வெளுத்துப்போகும். ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது, நுரையீரலுக்குக் கேடு. துணி மாஸ்க் போதாது. உரிய மாஸ்க் இல்லையென்றால் பெயின்டரிடம் கொடுத்துவிடுங்கள்.

மங்கல் லென்ஸுக்கு உட்புறம் இருந்தால் இந்த வேலை எதுவும் உதவாது.

பேப்பரை இவ்வளவு பாராட்டிவிட்டேன், ஆனாலும் இந்த விலைக்குக்கூட கிட் வாங்காதீர்கள். பெயின்ட் கடையில் அதே நம்பர் பேப்பர்கள் தனித்தனியாகக் கிடைக்கும். மிச்சப் பணத்தைக் கிளியருக்கு வையுங்கள்.