நன்கொடையாக வந்த கண்ணாடித் தட்டுகள்: ஓர் அருங்காட்சியகச் சேகரிப்பு அறையில் இரண்டு நாள்

நிலவியலாளர் ஒருவர் தம் பணிக்காலம் முழுவதும் சேர்த்து வைத்த நுண்தொல்லுயிரெச்சங்களையும் (நுண்ணோக்கியில் பார்க்க வேண்டிய அளவுக்குச் சிறிய, பழங்கால உயிர்களின் எச்சங்கள்) பாறைச் சீவல்களையும் (ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாகத் தேய்த்த பாறைத் துண்டுகள்) ஓர் அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாகக் கொடுத்திருக்கிறார். முன்பதிவு செய்துகொண்டால் அவற்றை உட்கார்ந்து ஆராயலாம். அந்த வசதியை இரண்டு நாள் பயன்படுத்திப் பார்த்ததில், சேகரிப்பு முதல் தரமானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதைத் தேடி எடுக்க உதவ வேண்டிய பட்டியல்தான் அந்தத் தரத்துக்குக் கிட்டவே வரவில்லை.

காட்சிக்கூடத்தோடு திரும்பிவிடுகிறவர்களுக்கு இதில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஓடுகளைப் பேழைக்குள் வைத்துவிட்டு, பக்கத்தில் பெரிதாக்கிய படம் ஒன்றை மாட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். உள்ளே, சேகரிப்பு அறையில் ஸ்டீரியோ நுண்ணோக்கி ஒன்றும், பாறைச் சீவல்களைப் பார்க்க, ஒளியை ஒரே திசையில் அதிரவிடும் போலரைசிங் நுண்ணோக்கி ஒன்றும் தருகிறார்கள். பலர் கைபட்ட கருவியாக இருந்தும், பின்னதன் சுழல்மேடை மையம் விலகாமல் சுற்றியது எனக்கு வியப்புதான்.

நுண்தொல்லுயிரெச்சத் தட்டுகளில் பெரும்பாலானவை அட்டையால் ஆனவை. நடுவே கறுப்புப் பள்ளம், அதில் 1 முதல் 60 வரை எண்ணிட்ட கட்டங்கள், கட்டத்துக்கு ஓர் ஓடு. ஓடுகளை நீரில் கரையும் பிசினால் ஒட்டியிருப்பதால், ஈரத் தூரிகையின் நுனியால் தொட்டுப் புரட்டி மறுபக்கத்தையும் பார்க்க முடியும். ஃபோராமினிஃபெரா என்ற ஓடுள்ள ஒருசெல் உயிர்களை இனங்காண இரு பக்கமும் தெரிய வேண்டும் என்பதால் இது சின்ன விஷயமில்லை. பார்வையாளர்கள் தாங்களாகப் புரட்டக் கூடாது என்பது விதி. சேகரிப்பு அலுவலரைக் கேட்டதும் அவரே மூச்சை அடக்கிக்கொண்டு, அரிசிமணியைவிடச் சிறிய அந்த ஓட்டைப் புரட்டிக் கொடுத்தார். ஒரு தட்டில் 23-ஆம் கட்டம் காலியாக இருந்ததையும் உடனே பதிவேட்டில் குறித்துக்கொண்டார்.

ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். சில தட்டுகளில் சுண்ணாம்பு ஓடுகளின் மேல் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது. பைன் (Byne) நோய் என்று பெயர் இருந்தாலும் இது கிருமியால் வருவதில்லை. மரப்பெட்டியிலிருந்தும் மலிவான அட்டையிலிருந்தும் கசியும் அமில ஆவி கால்சியம் கார்பனேட்டை அரித்து உப்பாக மாற்றுவதால் வருவது. அதே இழுப்பறையில் இருந்த ரேடியோலேரியா என்ற ஒருசெல் கடலுயிர்களின் சிலிக்கா ஓடுகளும், பாஸ்பேட்டால் ஆன, பல் போன்ற கோனோடான்ட் எச்சங்களும் பளிச்சென்று இருந்தன. நன்கொடையாளர் வீட்டு மர அலமாரியிலேயே இது தொடங்கியிருக்கலாம். ஆனால் வந்து சேர்ந்த பிறகும் பாதித் தட்டுகள் அதே மர இழுப்பறைகளில்தான் இருக்கின்றன. உலோக அலமாரிக்கு மாற்றும் வேலை நடக்கிறது என்றார்கள். சுண்ணாம்பு ஓடுகளை முதலில் மாற்றியிருக்க வேண்டும், அகரவரிசைப்படி மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

பாறைச் சீவல்கள்தான் இந்தச் சேகரிப்பின் உயிர். பாறைத் துண்டைக் கண்ணாடியில் ஒட்டி, 0.03 மில்லிமீட்டர் தடிமன் வரும்வரை தேய்ப்பதுதான் முறை. அந்தத் தடிமன் சரியாக வந்ததா என்பதைப் பாறையில் உள்ள குவார்ட்ஸ் கனிமமே சொல்லிவிடும்: நுண்ணோக்கியின் இரு போலராய்டு வடிகட்டிகளையும் குறுக்காக வைத்துப் பார்க்கும்போது அது சாம்பல் அல்லது வெண்மையாகத் தெரிய வேண்டும், மஞ்சள் தட்டினால் சீவல் தடித்துவிட்டது என்று பொருள். நான் பார்த்த கிரானைட் ஒன்றில் குவார்ட்ஸ் இளமஞ்சளாக இருந்தது. உற்றுப் பார்த்தால், சீட்டின் ஓரத்தில் ‘கொஞ்சம் தடிப்பு’ என்று நன்கொடையாளரே பென்சிலில் எழுதி வைத்திருக்கிறார். சொந்தக் கைவேலையின் பிசகை இப்படி எழுதி வைக்கிறவரின் மற்றச் சீட்டுகளையும் தயங்காமல் நம்பலாம் என்று எனக்குத் தோன்றியது. பழைய சீவல்களில் ஒட்டுப் பொருளாக இருந்த கனடா பால்சம் ஓரங்களில் பழுத்து, இலை நரம்புபோல விரிசல் விட்டிருந்தாலும் நடுப்பகுதி தெளிவாகவே இருக்கிறது. பல சீவல்களுக்கு, அறுத்ததுபோக மிஞ்சிய பாறைத் துண்டையும் அதே எண்ணிட்டு வைத்திருக்கிறார்கள். சீவல் உடைந்தாலும் புதிதாக ஒன்று அறுத்துக்கொள்ளலாம்.

இனி அந்தப் பட்டியல். உயிரினப் பெயர்களைத் தட்டில் இருந்தபடியே கணினியில் ஏற்றியிருக்கிறார்கள். அதன் பிறகு மாறிய பெயர்களோடு இணைக்கவில்லை. அம்மோனியா பெக்காரி என்ற ஃபோராமினிஃபெரா இனத்தின் பெயரில் தேடினால் ஒன்றும் வராது. அதன் பழைய பெயரான ரொட்டாலியா பெக்காரி என்று தேடினால் வரிசையாக வருகிறது. பாறைச் சீவல்களின் நிலை இன்னும் மோசம். பலவற்றுக்கு எதிரே ‘பாறை’ என்ற ஒரே சொல்தான் இருக்கிறது. எந்த இடத்தில், எந்த அடுக்கில் எடுத்தது என்பதெல்லாம் நன்கொடையாளரின் களக் குறிப்பேடுகளில் உண்டு. ஆனால் குறிப்பேடுகள் ஆவணப் பிரிவுக்குப் போய்விட்டன, அதற்குத் தனி விண்ணப்பம் வேண்டும். தட்டையும் குறிப்பேட்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க முடியாவிட்டால், இடம் தெரியாத அழகான கல்லைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். இரண்டையும் ஒரே கையால் கொடுத்துவிட்டுப் போனவருக்கு இது நியாயமில்லை.

எனக்குக் குறிப்பேடு இரண்டாம் நாள் மாலை, அறையை மூட ஒரு மணி நேரம் இருக்கும்போது வந்தது. வெறும் எண் மட்டும் இருந்த ஒரு சுண்ணாம்புக்கல் சீவலுக்கு அதில் ஒரு முழுப் பக்கம் இருந்தது: அடுக்குகளின் பென்சில் படம், அடியிலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் எடுத்தது என்ற கணக்கு, மாதிரி எடுத்த இடத்தில் ஒரு சிறு பெருக்கல் குறி. போகிறவர்கள் பழைய பெயர்களையும் குறிப்பேடுகளையும் முதல் மின்னஞ்சலிலேயே சேர்த்துக் கேட்டுவிடுங்கள். அடுத்த முறைக்கு நான் கேட்டாயிற்று.