குரோமேட்டிக், மேஜர், கையால் அமைத்த ஸ்கேல்: ராகப் பாடலுக்கு ஆட்டோ-டியூனில் எது?

சுருதி திருத்தும் மென்பொருளான ஆட்டோ-டியூன், விலகிய குரலை அருகில் அனுமதிக்கப்பட்ட ஸ்வரத்துக்கு இழுக்கிறது. எந்தெந்த ஸ்வரத்துக்கு அனுமதி என்பதைச் சொல்வது ஸ்கேல். அதனால் ரீட்யூன் ஸ்பீடை (குரலை எவ்வளவு வேகமாக இழுப்பது என்ற அமைப்பு) தொடுவதற்கு முன் இதை முடிவு செய்துவிடுங்கள்.

குரோமேட்டிக்கில் 12 ஸ்வரமும் திறந்திருக்கும். ஒவ்வொன்றின் எல்லையும் இருபுறமும் 50 சென்ட் (அடுத்தடுத்த இரு ஸ்வரங்களுக்கு இடையே 100 சென்ட்). அந்தர காந்தாரம் 60 சென்ட் இறங்கினால் நேராகச் சாதாரண காந்தாரத்தில் போய் உட்காரும். லேசாகப் பிசகிய ஸ்வரம், சுத்தமான தப்பு ஸ்வரமாகிவிடும். 20, 30 சென்ட்டுக்கு மேல் விலகாத தேர்ந்த குரலுக்கு மட்டும் இது போதும்.

ஏழு ஸ்வரம் மட்டும் திறந்திருக்கும் மேஜர் வைத்தால் அதே 60 சென்ட் பிசகு சரியாகத் திரும்பும். ரிஷபத்துக்கும் காந்தாரத்துக்கும் நடுக்கோடு 100 சென்ட் தள்ளி இருக்கிறது. ஆனால் கீ தேர்வில்தான் பலர் சறுக்குகிறார்கள். 1 கட்டை (ஸட்ஜம் சி) கல்யாணிக்கு சி மேஜர் வைத்தால் பிரதி மத்யமம் (எஃப் ஷார்ப்) ஒழிந்தது. ஜி மேஜர் வையுங்கள், ஏழு ஸ்வரமும் பொருந்தும். அதே சுருதியில் ஹரிகாம்போஜிக்கு எஃப் மேஜர், தோடிக்கு ஏ ஃபிளாட் மேஜர்.

மாயாமாளவகௌளைக்கு மேஜரும் மைனரும் உதவாது. குரோமேட்டிக்கில் தொடங்கி டி, ஈ ஃபிளாட், எஃப் ஷார்ப், ஏ, பி ஃபிளாட் ஐந்தையும் ரிமூவ் செய்யுங்கள். ரிமூவ் செய்த ஸ்வரத்தின் இடத்தைப் பக்கத்து ஸ்வரங்கள் பங்கு போட்டுக்கொள்ளும். ரிஷபத்துக்கும் காந்தாரத்துக்கும் இடையே 300 சென்ட் வெற்றிடம். வேகமான ரீட்யூனில் அங்கே ஜாரு (வழுக்கிச் செல்லும் கமகம்) பாடினால் நடுவில் ‘டக்’கென்று குதிக்கும்.

பைபாஸ் வேறு. அந்த ஸ்வரத்தின் எல்லைக்குள் குரல் வந்தால் மென்பொருள் கையை எடுத்துவிடும். கமகம் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது) பிடிக்கும் ஸ்வரத்தை ரிமூவ் செய்வது கொலை, பைபாஸ்தான் முறை. அதுவும் எப்போதும் முழுத் தீர்வாகாது. தோடி காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே அசைவது. காந்தாரத்தை மட்டும் பைபாஸ் செய்தால் அசைவின் இரு முனைகளும் பிடிபட்டு, கமகம் படிக்கட்டாகும். அந்தச் சங்கதிக்கு மட்டும் ஆட்டோமேஷனில் ரீட்யூன் ஸ்பீடை 100 மில்லிசெகண்டுக்கு மேல் ஏற்றுங்கள் (எண் கூடினால் இழுப்பு மெதுவாகும்), அல்லது திருத்தத்தையே நிறுத்துங்கள்.

கமகம் நிறைந்த பாட்டென்றால், ஸ்வரங்களை ஒவ்வொன்றாகக் கையால் திருத்தும் மென்பொருளான மெலடைனே மேல், நேரம் கூடுதலாகப் பிடித்தாலும். அது கமகத்தைத் துண்டு துண்டாக வெட்டியிருந்தால் முதலில் ஒன்றாக்குங்கள். பிறகு ஸ்கேலுக்கு ஒட்டவிடாமல், பிட்ச் சென்டரை (ஸ்வரத்தின் சராசரி சுருதி) காதால் கேட்டு நகர்த்துங்கள். பிட்ச் டிரிஃப்ட்டை (ஸ்வரத்துக்குள் சுருதி மெல்ல நகர்வது) தொட வேண்டாம்.

எந்த வழியானாலும் தம்புரா ஏ=440-க்கு (ஏ ஸ்வரம் 440 ஹெர்ட்ஸ் என்ற பொது அளவு) ஒத்திருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். தம்புரா 15 சென்ட் தள்ளியிருந்தால் சரியாகப் பாடிய குரலும் அபஸ்வரமாக இழுபடும். அடிப்படைச் சுருதியை நகர்த்தும் டிட்யூன் அமைப்பில் அந்த அளவை ஈடுகட்டுங்கள்.