பாட்டில் பாசிட்டிவ் ஆன பிறகு: கிருமியின் பெயரை எந்த வழி சீக்கிரம் சொல்லும்?

நோயாளியின் இரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பிளட் கல்ச்சர் பாட்டில் பாசிட்டிவ் என்று கருவி ஒலி எழுப்பியதும் முதல் வேலை கிராம் ஸ்டெயின், அதாவது கிருமிக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பது. சில நிமிடங்களிலேயே "கிராம் நெகட்டிவ் பேசில்லை" (கோல் வடிவக் கிருமிகள்) என்று வார்டுக்குப் போனில் சொல்லிவிடலாம். மறுமுனையில் உடனே கேட்பார்கள்: "என்ன கிருமி?" ஈ.கோலையா, சூடோமோனாஸா என்பதைப் பொறுத்து மருந்தே மாறும். செஃப்ட்ரையாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் சூடோமோனாஸ் ஏருஜினோசாவிடம் எடுபடாது. அதனால் அந்தப் பெயருக்காக ஒரு இரவு முழுக்கக் காத்திருப்பது எனக்கு எப்போதுமே உறுத்தும்.

புரதங்களின் நிறையை அளந்து கிருமியை அடையாளம் காணும் மால்டி-டாஃப் கருவி கையில் இருந்தால் காத்திருப்பைக் குறைக்கலாம். கிருமியின் மீது மேட்ரிக்ஸ் என்ற, லேசர் ஒளியை உறிஞ்சும் வேதிப்பொருளைத் தடவி லேசரால் அடித்தால் புரதங்கள் அயனிகளாகப் பறக்கும். 2,000 முதல் 20,000 டால்டன் வரையிலான நிறைகள் அதற்கே உரிய கைரேகைபோல் பதிவாகும். அதில் பெரும்பகுதி ரைபோசோம் புரதங்கள். கருவி சில நிமிடங்களில் பதில் தந்துவிடும். நேரம் போவதெல்லாம் இரத்தத்திலிருந்து கிருமியைப் பிரித்தெடுப்பதில்தான்.

பழைய வழி, பாட்டில் திரவத்தை அகார் தட்டில் வளர்த்து (சப்கல்ச்சர்), மறுநாள் காலையில் கிருமித் திட்டான காலனியை எடுத்துக் கருவியில் வைப்பது. நம்பகத்தில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. இரண்டு வகை கிருமிகள் கலந்திருந்தால் பெரும்பாலும் தட்டிலேயே கண்ணுக்குத் தெரிந்துவிடும். குறை ஒன்றுதான், நேரம்.

பாட்டிலிலிருந்து நேரடியாக எடுப்பது இன்னொரு வழி. இங்கே எதிரி கிருமி அல்ல, இரத்தம். ஹீமோகுளோபினும் மற்ற மனிதப் புரதங்களும் தங்கள் சிகரங்களைப் பதித்துக் கைரேகையைக் குழப்பிவிடும். சில மில்லிலிட்டர் எடுத்து, செப்சிடைப்பர் போன்ற கிட் அல்லது சாப்போனின் கொண்டு இரத்த அணுக்களை உடைத்து, சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, கழுவி, ஃபார்மிக் அமிலமும் அசிட்டோநைட்ரைலும் சேர்த்துப் புரதத்தைப் பிரிக்க வேண்டும். கழுவிய பிறகும் குழாயின் அடியில் படிந்த பெல்லட் செந்நிறமாகவே இருந்தால் இன்னொரு முறை கழுவுவேன். அப்படியே கருவியின் தகட்டில் ஸ்பாட் வைத்தால், பதில் எவ்வளவு நம்பகமானது என்று காட்டும் ஸ்கோர் பெரும்பாலும் குறைவாகத்தான் வரும்.

எல்லாம் சரியாக அமைந்தால் ஒரு மணி நேரத்துக்குள் பெயர் கிடைக்கும். ஆனால் கிராம் நெகட்டிவ் கிருமிகளில் கிடைக்கும் வெற்றி கிராம் பாசிட்டிவில் கிடைப்பதில்லை. தடித்த செல்சுவர் எளிதில் உடையாது. ஈஸ்ட் இன்னும் சிரமம். நிமோகாக்கஸ் என்று பதில் வந்தால், அது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மைட்டிஸ் குழுவின் நெருங்கிய உறவுக் கிருமியாக இருக்கலாம் என்ற சந்தேகம் கூடவே வர வேண்டும்.

நான் அதிகம் நம்புவது நடுவில் இருக்கும் குறுகிய நேர சப்கல்ச்சரைத்தான். பாட்டிலிலிருந்து ஒரு துளியைச் சாக்லேட் அகார் என்ற வளர்ப்புத் தட்டில் விட்டு இன்குபேட்டரில் வைத்தால், கிராம் நெகட்டிவ் என்றால் மூன்று நான்கு மணி நேரத்தில் மெல்லிய படலம் தெரியும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் கண்ணில் படும். காலனி என்று சொல்லவே முடியாது. அதைச் சுரண்டி ஸ்பாட் வைத்து, மேலே ஒரு மைக்ரோலிட்டர் ஃபார்மிக் அமிலம் விட்டால் போதும். கிட் செலவில்லை, கழுவும் வேலையில்லை. ஸ்டாஃபிலோகாக்கஸுக்கு ஐந்தாறு மணி நேரம் கொடுப்பேன். ஸ்ட்ரெப்டோகாக்கஸும் காற்றில்லாச் சூழலில் வளர்பவையும் பலமுறை ஏமாற்றும்.

பல கிருமிகளின் மரபணுக்களை ஒரே பரிசோதனையில் தேடும் மல்டிபிளெக்ஸ் பிசிஆர் பேனலுக்கு மால்டி கருவியே தேவையில்லை. பயோஃபயர் பிசிஐடி2 பேனல் 43 இலக்குகளைச் சுமார் ஒரு மணி நேரத்தில் தேடுகிறது. அவற்றில் 10, மருந்து எதிர்ப்பைத் தரும் மரபணுக்கள்: மெக்ஏ, சிடிஎக்ஸ்-எம், என்டிஎம் போன்றவை. கலப்புத் தொற்றையும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் ஒவ்வொரு பரிசோதனைக்கும் செலவு அதிகம், பட்டியலில் இல்லாத கிருமியை அதற்குத் தெரியாது. கார்பபெனம் வகை ஆன்டிபயாடிக்குகளுக்கு எதிர்ப்பு அடிக்கடி வரும் வார்டு, நிலைமை மோசமான நோயாளி என்றால் அந்தச் செலவு நியாயம் என்பேன்.

மால்டி வழக்கமாகத் தருவது பெயரை மட்டும்தான், எந்த மருந்து வேலை செய்யும் என்பதை அல்ல. அதற்கு, மருந்துச் சோதனை அளவுகோல்களை வகுக்கும் ஐரோப்பியக் குழுவான யூகாஸ்ட்டின் ராஸ்ட் என்ற விரைவு முறையில் பாட்டில் திரவத்தை 125 மைக்ரோலிட்டர் நேரடியாகத் தட்டில் பரப்பி, 4, 6, 8 மணி நேரத்தில் மருந்து வட்டுகளைச் சுற்றிக் கிருமி வளராத வளையங்களை அளக்கலாம். அளவுகோல்கள் கிருமிக்குக் கிருமி மாறும். பெயர் தெரியாமல் வளையத்தை அளந்து பயனில்லை. குறுகிய நேர சப்கல்ச்சரையும் ராஸ்ட் தட்டையும் ஒரே நேரத்தில் போட்டால், முதல் அளவெடுப்பு நேரத்துக்குள் பெரும்பாலான கிராம் நெகட்டிவ் பாட்டில்களுக்குப் பெயர் வந்துவிடுகிறது. நான் இந்த வழியின் பக்கம் சாய்ந்ததற்கு இதுவே முக்கியக் காரணம்.

ஒருமுறை நேரடி முறையில் கிளெப்சியெல்லா நியுமோனியே என்று நல்ல ஸ்கோரோடு வந்தது, உடனே தெரிவித்தேன். மறுநாள் தட்டில் பெரிய கொழகொழப்பான காலனிகளுக்கு இடையே சிறு சாம்பல் புள்ளிகள்: என்டரோகாக்கஸ். கருவி பெரும்பான்மையை மட்டும் சொல்லியிருந்தது. பழைய கிராம் ஸ்டெயின் ஸ்லைடைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் இரண்டு மூன்று இடங்களில் கோக்கை (உருண்டை வடிவக் கிருமி) ஜோடிகள் இருந்தன. அன்றிலிருந்து ஸ்லைடை ஓரம் வரை பார்த்து முடித்த பிறகே எந்த வழி என்று முடிவு செய்கிறேன். கோக்கை ஒன்று தென்பட்டாலும் நேரடி முறையின் பதிலை "முதற்கட்டம்" என்று குறித்தே அனுப்புகிறேன்.