அரியக்குடியா, சாம்பசிவ ஐயரா, காரைக்குடி மணியா? பிள்ளைகளுக்கான அரைமணி நேர வானொலிக்கு யார் பொருத்தம்?

எங்கள் பகுதி சமுதாய வானொலியில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஓர் இசைக்கலைஞரை அறிமுகப்படுத்தும் நிகழ்ச்சி போடுவதென்று முடிவானது. யாரை என்பதில்தான் பேச்சு நீண்டது. நம்ம ஊர்ப் பெயர் கொண்டவராக இருக்க வேண்டும் என்பதில் எல்லாரும் ஒரே கட்சி. அப்படி வைத்துக்கொண்டாலும் காரைக்குடிப் பக்கம் ஆளுக்குப் பஞ்சமில்லை. சங்கீத நாடக அகாதெமி முதன்முதலாக 1952இல் விருது கொடுத்த நான்கு இசைக்கலைஞர்களில் இரண்டு பேர் பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்காரும் வீணைக் கலைஞர் காரைக்குடி சாம்பசிவ ஐயரும். எங்கள் பட்டியலில் மூன்றாவது பெயர், பிற்காலத்தவரான மிருதங்கக் கலைஞர் காரைக்குடி மணி. கடைசியில் மணி சாரைத்தான் எடுத்தோம். நான் முதலிலிருந்தே அவர் பக்கம்தான்.

சாம்பசிவ ஐயரைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். காரைக்குடி சகோதரர்கள் என்று அண்ணன் சுப்பராம ஐயரோடு சேர்ந்து வீணை வாசித்துப் பெயர் எடுத்தவர். அண்ணன் வீணையை நிமிர்த்திப் பிடித்து வாசிப்பார், தம்பி வழக்கம்போல மடியில் கிடத்தி வாசிப்பார். படத்தைப் பார்த்தால் எந்தப் பிள்ளையும் ஏன் இப்படி என்று கேட்கும். ஆனால் வானொலியில் படம் காட்ட முடியாதே. அதைவிடப் பெரிய சிக்கல் ஒலி. வீணையில் ஒரு முறை மீட்டிய பிறகு தேய்ந்துகொண்டே போகும் நாதத்தில்தான் கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து வளைக்கும் அழகு, இருக்கிறது. பழைய பதிவின் இரைச்சலில் பாதி போய்விடும், செல்போனின் சின்ன ஸ்பீக்கரில் மீதியும் போய்விடும்.

அரியக்குடி அப்படி இல்லை, வலுவான போட்டி. இன்று கச்சேரி என்றால் வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுப்பான சில கீர்த்தனைகள், நடுவில் பெரிய உருப்படி, கடைசியில் துக்கடா எனப்படும் சின்னப் பாட்டுகள் என்று ஒரு வரிசை இருக்கிறதே, அதை நிலைநிறுத்தியவர் அவர். பிள்ளைகளுக்கு அது எட்டாது. ஆனால் திருப்பாவை எட்டும். மார்கழி விடியலில் கோயில் ஒலிபெருக்கியில் கேட்கும் திருப்பாவைக்கு இன்று பெரும்பாலும் பாடப்படும் மெட்டு அவர் போட்டது. "நீ தூக்கக் கலக்கத்தில் கேட்கும் பாட்டுக்கு மெட்டுப் போட்டவர் பக்கத்து அரியக்குடிக்காரர்" என்று ஆரம்பித்தால் எந்தப் பிள்ளையும் நிமிர்ந்து உட்காரும். இன்னொரு வசதி, அந்தக் கால 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடம் சொச்சம்தான் ஓடும். சினிமாப் பாட்டு அளவுதான், பிள்ளைகளுக்கு அலுக்காது. உரிமைத் தொல்லையும் குறைவு. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கான காப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள்தான்.

இவ்வளவும் இருந்தும் நாங்கள் அவரை எடுக்காததற்குக் காரணம் ஒன்றே ஒன்று. அந்த அரைமணி நேரத்தில் பிள்ளையின் கைக்கு என்ன வேலை?

பாட்டை ரசிக்கச் சொன்னால் பிள்ளைகள் மரியாதைக்கு உட்கார்ந்திருப்பார்கள், அவ்வளவுதான். தாளம் போடச் சொன்னால் கதை வேறு. ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை: ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டித் திருப்புவது இரண்டு முறை. இதை வானொலியில் வாயாலேயே சொல்லிக் கொடுத்துவிடலாம். அதற்கு மேல்தான் விஷயமே இருக்கிறது. கை அதே வேகத்தில் போகட்டும். ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் "தகதிமி" சொன்னால் ஒரு சுற்றுக்கு 32 அட்சரம். "தகிட" என்றால் 24. "தகதகிட" என்றால் 40. ஒலிப்பதிவுக்கு வந்த பிள்ளைகள் "தகதிமி"யிலிருந்து "தகதகிட"வுக்கு மாறும்போது கையும் தானாக ஓட ஆரம்பித்தது. ஒரு பையன் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "சார், கை நிக்கமாட்டேங்குது" என்றான். அந்த இடத்தை நாங்கள் வெட்டவில்லை. நிகழ்ச்சியிலேயே எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

"தகிட" நடை மட்டும் யாருக்கும் சிரமமாக இல்லை. அதிலும் வியப்பில்லை. தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடக்கும் காவடிகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள். காவடிச் சிந்துகளில் பல, மூன்று மூன்றாகப் போகும் இந்தத் திஸ்ர நடையில்தான் இருக்கும். காதில் ஏற்கெனவே இருப்பதற்குப் பெயர் சொல்லிக் கொடுத்தால் போதும்.

"தகதிமி" போன்ற இந்தச் சொற்கட்டுக்கு இன்னொரு பலமும் உண்டு. மிருதங்கத்தின் தொப்பி என்னும் இடப் பக்கத்துக் கனத்த ஒலி செல்போன் ஸ்பீக்கரில் சரியாக வராது, வலந்தலை என்னும் வலப் பக்கம் மட்டும் பளிச்சென்று கேட்கும். தாளச் சொற்களை மனிதக் குரலில் சொல்லும் கொன்னக்கோல் எந்த மட்டமான ஸ்பீக்கரிலும் பிழைத்துக்கொள்ளும். அதனால் முதலில் வாயால் சொல்லி, பிறகு மிருதங்கத்தில் வாசித்துக் காட்டினோம். உள்ளூரில் மிருதங்கம் கற்கும் ஒரு மாணவியை அழைத்திருந்தோம். ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து தொப்பியின் நடுவில் அப்புவதற்கு முன் ஒரு தட்டு, அப்பிய பின் ஒரு தட்டு. முன்னது வெறும் தோல் சத்தம். பின்னது "தொம்" என்று அடிவயிற்றுக்கு இறங்கும். ஹெட்போனில் கேட்பவர்களுக்கு விளக்கமே வேண்டாம்.

இதற்கெல்லாம் மணி சார் ஏன்? 1945இல் காரைக்குடியில் பிறந்து 2023இல் மறைந்தவர் என்பதால் மூவரில் அவர்தான் நம் காலத்து ஆள், பதிவுகளும் துல்லியமாக இருக்கின்றன. பாடகருக்குப் பின்னால் உட்காரும் வாத்தியம் என்ற நிலையோடு நிற்காமல், ஸ்ருதிலயா என்ற குழுவை அமைத்து லயத்தையே மேடையின் நடுவுக்குக் கொண்டுவந்தார். ஆஸ்திரேலியன் ஆர்ட் ஆர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து இசைத்தட்டு போட்டிருக்கிறார். டிரம்ஸ் பிடிக்கும் பிள்ளைகளுக்கு இது நல்ல கொக்கி. கச்சேரியில் தாள வாத்தியம் மட்டும் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் முழுவதையும் போடாதீர்கள். அதை முடித்துவைக்கும் கடைசிக் கோர்வையை மட்டும் போடுங்கள். அது மூன்று முறை வரும். முதல் முறை பிள்ளைகள் திணறுவார்கள், இரண்டாவது முறை எண்ணுவார்கள், மூன்றாவது முறை பாட்டின் எடுப்பில், அதாவது பாட்டு தொடங்கும் இடத்தில், வந்து விழும்போது அவர்கள் கையும் கூடவே விழும்.

இதற்கு விலையும் உண்டு. அவருடைய பதிவுகள் காப்புரிமைக்குள் இருப்பவை, அனுமதி வாங்கித்தான் போட வேண்டும். அதற்கு ஆகும் நேரத்தைத் திட்டத்திலேயே சேர்த்துவிடுங்கள். பதிவைக் கொஞ்சமாகவும் நேரடி வாசிப்பை அதிகமாகவும் வைத்தால் செலவு கட்டுக்குள் நிற்கும். ஆனால் வாசித்துக் காட்ட ஆள் கிடைக்காத ஊர் என்றால் அரியக்குடியே சுலபம். ஐந்தாம் வகுப்புக்குக் கீழே உள்ள பிள்ளைகளுடன் நான் செய்து பார்த்ததில்லை. அவர்களுக்கு விரல் எண்ணிக்கை சிக்கலாகலாம், வெறும் கைதட்டலோடு நிறுத்துவது நல்லது என்று தோன்றுகிறது.

அரியக்குடியை நாங்கள் விட்டுவிடவில்லை. மார்கழி மாதத்துக் காலை ஒலிபரப்புக்கு அவரை ஒதுக்கி வைத்திருக்கிறோம். திருப்பாவை பாடத் தெரிந்த இரண்டு பிள்ளைகளை இப்போதே தேடத் தொடங்கியாயிற்று.