பினாங்கு சௌராஸ்தா பாசார் பக்கத்து சீன மருந்துக் கடை: வேரு நல்லா இருக்கு, ஆனா பிபி மாத்திர சாப்புடுறவங்க படிச்சிட்டுப் போங்க

அம்மாவுக்கு ராத்திரி ரெண்டு மணி மூணு மணிக்கெல்லாம் கெண்டைக்கால் கல்லு மாதிரி இறுகிப் பிடிச்சுக்கும், நான் எழுந்து போயி பாதத்த மேல மடக்கிப் பிடிச்சாதான் விடும், இப்படியே ரெண்டு மாசம். பக்கத்து வீட்டு ஆன்ட்டிதான் ஜாலான் பினாங்கு பக்கம் இருக்குற இந்தப் பழைய கடைய சொன்னாங்க. பேரு வேணாம், அவங்க பொழப்புல மண்ணப் போட எனக்கு இஷ்டமில்ல.

உள்ள போனதுமே அந்த வாசன இருக்கே, காஞ்ச வேரும் பழைய மரமும் கலந்து, எனக்கு ரொம்பப் புடிச்சிருச்சு. செவுரு முழுக்க குட்டி குட்டி இழுப்பறை, சின்சே அங்கிளுக்கு, அதான் சீன வைத்தியருக்கு, எழுபதுக்கு மேல இருக்கும், அம்மா கையப் பிடிச்சு நாடி பாத்தாரு, நாக்க நீட்டச் சொன்னாரு, எல்லாம் மலாய்லதான் பேச்சு. அப்புறம் சின்ன டாச்சிங்க, அதான் கைத்தராச, தூக்கி நிறுத்தி நிறுத்திப் போட்டாரு, ரோஸ் பேப்பர்ல மடிச்சுக் கட்டுனாரு. அஞ்சு நாளைக்கு 35 வெள்ளி (ரிங்கிட்). பரவால்ல.

உள்ள இருந்தது ரெண்டே சாமான். ஒண்ணு பாய் ஷாவ், அதான் வெள்ள பியோனிங்கிற பூச்செடியோட வேரு, தோலச் சீவி வேகவச்சு காயப்போட்டு மெல்லிசா வில்ல போட்டது. தோலோட காயவச்சா அது ச்சி ஷாவ், செவப்பு. இன்னொண்ணு என்னன்னு நான் யோசிச்சிட்டு இருக்கும்போதே அம்மா ஒரு வாய் குடிச்சிட்டு "அடியே, இது நம்ம அதிமதுரம்டி"ன்னுட்டாங்க! 1800 வருஷத்துக்கு முன்னாடி இருந்தே இந்த ஜோடி சதப்பிடிப்புக்குன்னே இருக்கு, ஜப்பான்ல இப்பவும் டாக்டருங்களே எழுதிக் குடுக்குறாங்க.

நான் யூஎஸ்எம் யுனிவர்சிட்டில கெமிஸ்ட்ரி படிச்சவ, அதனால சும்மா இருக்க முடியல, தேடிப் படிச்சேன். பியோனி வேர்ல வேல செய்ற முக்கியமான பொருளு பேரு பியோனிஃப்ளோரின், 1963ல ஜப்பான்ல பிரிச்செடுத்தாங்க, கூடவே ஆல்பிஃப்ளோரின்னு ஒரு பங்காளி. சீன அரசாங்க மருந்து ஏடுல, காஞ்ச பாய் ஷாவ்ல பியோனிஃப்ளோரின் 1.6 சதவீதத்துக்குக் கொறையக் கூடாதுன்னு போட்டிருக்கு. இந்த வகைப் பொருளுங்கள மொத்தமா பிரிச்சு கேப்சூலாக்கி, மூட்டு வாதத்துக்கு 1998லயே அங்க அனுமதி குடுத்துட்டாங்க, அத சாப்புடுறவங்களுக்கு அதிகமா வர்ற தொல்ல வயித்தால போறதுதான். ஆனா ஒரு வேடிக்க பாருங்க, எலிக்கு வாய்வழியா குடுத்துப் பாத்ததுல பியோனிஃப்ளோரின் நூத்துல மூணு நாலு பங்குதான் அப்படியே ரத்தத்துல சேருது, மிச்சத்துல கொடல்ல இருக்குற பாக்டீரியா கை வச்சு வேற பொருளா மாத்திருது. அப்போ வேல செய்றது வேரா, பாக்டீரியா சமைச்சுக் குடுக்குறதான்னு ஆராய்ச்சிக்காரங்களே இன்னும் பேசிக்கிட்டு இருக்காங்க.

சரி, அம்மா கதைக்கு வர்றேன். நாலாவது நாள்ல இருந்து பிடிப்பு கொறஞ்சிச்சு, நெசமாவே கொறஞ்சிச்சு, நான் ராத்திரி முழுக்கத் தூங்குனேன். மருந்தாலயா தானாவான்னு என்னால சொல்ல முடியாது. ரெண்டாவது தடவ நான் மட்டும் போனேன், அங்கிள் இல்ல, கடைல இருந்த பையன் ஒண்ணுமே கேக்காம பதினஞ்சு நாளைக்குக் கட்டிக் குடுத்துட்டான். வீட்ல பிரிச்சா வேரு சாக்கட்டி மாதிரி வெள்ள வெளேர்னு இருக்கு, மோந்தா தீக்குச்சி ஒரசுன மாதிரி மூக்குல ஏறுது. மொத தடவ வாங்குனது லேசா ரோஸ் கலந்த பழுப்பு. பூச்சி வராம, பளிச்சுன்னு இருக்கணும்னு கந்தகப் புக போடுவாங்க, அதுல பியோனிஃப்ளோரின் கொஞ்சம் சல்ஃபோனேட்டுன்னு வேற பொருளா மாறிடும், அதாவது நம்ம காசு குடுத்து வாங்குற சரக்கே கொறையுது. பாய் ஷாவ்ல கிலோவுக்கு 400 மில்லிகிராமுக்கு மேல சல்ஃபர் டையாக்சைடு இருக்கக் கூடாதுன்னு சீனாவுல வரம்பே வச்சிருக்காங்க.

அதக் கூட விட்டுருவேன். பெரிய தப்பு வேற, அதுல எனக்கும் பங்கு இருக்கு. அம்மா பிபிக்கு நீர் போற மாத்திர சாப்புடுறாங்க. அதிமதுரம் தொடர்ந்து போனா ஒடம்புல பொட்டாசியம் எறங்கும், உப்பும் தண்ணியும் தங்கும், பிபி ஏறும், நீர் மாத்திரையோட சேந்தா இன்னும் மோசம். பத்தாவது நாளு கணுக்கால் வீங்கிருச்சு, கிளினிக்ல பாத்தா பிபி 170, ரத்தத்துல பொட்டாசியம் கம்மி. டாக்டரு கஷாயத்த நிறுத்தச் சொன்னாரு, ரெண்டு வாரத்துல சரியாயிருச்சு. அதிமதுரம்தானேன்னு அம்மாவும் நானும் அசால்ட்டா இருந்துட்டோம், நாட்டு மருந்துன்னா நமக்கு ஒரு நெனப்பு. ஆனா நாடி பாத்த மனுஷன் "ஆடா டாரா திங்கி?" (பிபி இருக்கா?)ன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல.

திரும்பப் போயி சொன்னேன். அங்கிள் மொகம் சுருங்கிருச்சு, பையன ஹொக்கியென் சீனத்துல திட்டுனாரு, மிச்சப் பொட்டலத்த வாங்கிக்கிட்டு காசத் திருப்பிக் குடுத்தாரு. அதுக்குத்தான் அஞ்சுக்கு மூணு ஸ்டார், இல்லன்னா ஒண்ணுதான். ரத்தம் ஒறையாம இருக்க வார்ஃபரின் சாப்புடுறவங்களும் டாக்டர்கிட்ட கேக்காம இந்த வேரத் தொடாதீங்க. டப்பால அடச்ச தூளா வாங்குனீங்கன்னா எம்ஏஎல் நம்பரு, அதான் மலேசிய அரசாங்கத்துல மருந்தப் பதிஞ்ச நம்பரு, கடைசில 'டி' (T) எழுத்தோட இருக்கான்னு பாருங்க, இங்க அது சரியாத்தான் இருந்துச்சு. உதிரி வேருக்கு நம்பரு கெடையாது, மூக்குதான்.

சனிக்கெழம காலைல போங்க, அங்கிள் இருப்பாரு. கார் பார்க்கிங் மட்டும் சாமி சத்தியமா கெடைக்காது, ரேப்பிட் பஸ்ல கொம்தார்ல எறங்கி நடந்துருங்க.