பழைய அடுக்கு மெஷினா, தனி மெஷினும் கொடியுமா?

கீழே வாஷர், மேலே ட்ரையர் என்று ஒன்றாய் நிற்கும் பழைய யூனிட், திருகோணமலையின் சின்ன வாடகை வீடுகளுக்கு அளவாகத்தான் தெரியும். பார்க்கவும் வடிவு. ஆனால் இரண்டுக்கும் ஒரே உடம்பு. ட்ரையர் பெல்ட் அறுந்தாலும் பல மாடல்களில் முழுவதையும் சுவரிலிருந்து இழுத்தால்தான் உள்ளே கை போகும். டிரம்மும் சின்னது, இரண்டு பெட்ஷீட் போட்டால் சுருண்டு, நடுவில் ஈரம் அப்படியே இருக்கும். சூட்டுக்காற்று வெளியேறும் குழாயில் பஞ்சு அடைத்தால் காய நேரமெடுக்கும், தீப்பிடிக்கவும் கூடும்.

அமெரிக்காவில் பாவித்ததென்றால் தொடவே வேண்டாம். அது 60 ஹேர்ட்ஸுக்கு, அதாவது செக்கனுக்கு 60 தரம் மாறி மாறி ஓடும் கரண்டுக்குச் செய்தது. இங்கே 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். ட்ரான்ஸ்போமர் வோல்ட்டை மாற்றும், ஹேர்ட்ஸை மாற்றாது. மோட்டார் மெதுவாகச் சுற்றிச் சூடேறும், டைமரும் பிந்தும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கமென்றால் கடற்காற்றில் துருப்பிடிக்கிற கரைச்சல் வேறு. அடிமூலையில் பெயின்ட் கொப்புளித்திருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். பொருபொருவென்று உதிர்ந்தால் விலை பேசவே தேவையில்லை.

தனி வாஷிங் மெஷினுக்கு இவ்வளவு தலையிடி இல்லை. பழுதானால் அதை மட்டும் திருத்தலாம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் காலையில் கொடியில் போட்ட சாரம் மத்தியானத்துக்குள் மொறுமொறுவென்று காய்ந்துவிடும், கரண்ட் செலவும் கிடையாது. சிக்கல் மாரியில்தான். ஐப்பசி தொடங்கினால் ஸ்கூல் யூனிபோம் விறாந்தையில் இரண்டு நாள் தொங்கி ஒரு புழுங்கல் மணம் வரும். சரி, அதற்கு ஃபேனைப் போடலாம். கைக்குழந்தை உள்ள வீடென்றால் புதிதாக ஒரு தனி ட்ரையர் வாங்குவதும் நியாயம்தான். பழைய அடுக்கு யூனிட்டை யாராவது இலவசமாகத் தந்தாலும் நான் எடுக்க மாட்டேன்.